ஒன்றரை மணி என்று எழுதிய கை

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஷாத்லி அவர்களே, பச்சைக் கொடியைப் பல்லாண்டு தோளில் சுமந்த பெரியோர்களே, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பதைக்கும் நெஞ்சோடு வானொலிப் பக்கம் அமரும் தாய்மார்களே, சீட்டு வாங்காமல் சுவரேறியே ஆட்டம் பார்த்துப் பழகிய இளைஞர்களே, அடிபட்டும் மிதிபட்டும் நம் பெயர் காத்த வீரர்களே, அனைவருக்கும் அணி மேலாளர் மப்ரூக்காவின் மனமார்ந்த ஸலாம்.

என் குரல் கொஞ்சம் உரக்க இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாகக் கத்திக் கத்தித் தேறிய குரல்தான் இது.

நாம் யார்? கால்பந்தில் மூன்றாம் பிரிவு. தொலைக்காட்சி நம்மைக் காட்டாது. செய்தித்தாள் நம் பெயரைப் போட்டாலும் எழுத்துப் பிழையோடுதான் போடும். ஆனாலும் அது தேசிய லீக். அதற்குக் கீழே விழுந்தால் வட்டார ஆட்டம். விழுந்தவர் எழுந்து வந்ததை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன் ஐன் ஸித்ரா ஊர் அணியோடு அவர்கள் மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்துக்காக இந்த ஊர் சோறு தண்ணீர் மறந்து கிடந்தது. வென்றவர் தங்குவார், தோற்றவர் இறங்குவார். வென்றோம். தங்கினோம். இதே மண்டபத்தில் தர்புகா மேளம் அடித்து ஆடினோம்.

ஆடினோமே, அன்று நடந்தது என்ன என்று யாராவது கேட்டீர்களா?

காலை பத்து மணிக்கு நம் பேருந்து கிளம்பியது. மலையில் பெய்த மழை நமக்குத் தெரியாது. பாதி வழியில் காட்டாறு சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தீஜானி இறங்கி ஒரு கம்பை நட்டுப் பார்த்தார். கம்பு போய்விட்டது. "தண்ணி எறங்கற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன். பதினெட்டு பிள்ளைங்க உள்ள இருக்கு" என்றார். மணி ஒன்று ஆனது. ஒன்றரை ஆனது. ஆட்டம் இரண்டரைக்கு. அதற்குப் பதினைந்து நிமிடம் பிந்தினால் ஆடாமலே தோல்வி. நம் கேப்டன் ரம்தான் படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். கடிக்க நகம் தீர்ந்த பிறகு விரலைக் கடித்தான்.

ஐன் ஸித்ரா சங்கத்துக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் கேப்டன் லஸ்ஹருக்கு அழைத்தேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவர், முப்பத்தாறு வயது, நம் முன்கள ஆட்டக்காரர்களின் கணுக்கால் எல்லாம் அவரை நன்றாகவே அறியும். கெஞ்சினேன்.

"அவசரப்பட்டு ஆத்துல எறங்கிடாதீங்க அக்கா," என்றார். "தண்ணி வடியட்டும். இங்க நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார்? நடுவர் முதலில் உள்ளூர் அணியின் அடையாள அட்டைகளைச் சரிபார்ப்பார், பிறகுதான் விருந்தினர் அறைக்கு வருவார். இரண்டேகாலுக்கு நடுவர் போனபோது லஸ்ஹரின் அட்டையைக் காணோம். அது கிடைத்தபோது கோல்காப்பாளரின் சட்டை எண் கிழிந்திருந்தது. அதைத் தைத்தபோது ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான். விருந்தினர் அறை வெறுமையாக இருப்பதை நடுவர் அறியவே இல்லை. ஆறு வடிந்து, இரண்டு ஐம்பதுக்கு நாம் பின்வாசல் வழியாக நுழைந்தோம். மூன்று பத்துக்கு ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ரம்தானின் தலை பட்டுப் பந்து வலைக்குள் போனது.

ஆட்டம் முடிந்து நடுவரின் அறிக்கைத் தாள் வந்தது. 'விருந்தினர் அணி வந்த நேரம்' என்று ஒரு கட்டம். அதில் ஒன்றரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் எழுதச் சொன்னார் என்று கேட்காதீர்கள். கை என்னுடையது. பொய் என்னுடையது.

அந்த ஒற்றைப் பொய் என்ன செய்தது தெரியுமா? விருந்தினர் ஒன்றரைக்கே வந்துவிட்டார்கள் என்றால், உள்ளூர் அணி நாற்பது நிமிடம் ஏன் இழுத்தடித்தது? இழுத்தடித்துவிட்டு ஏன் தோற்றது? லீக் விசாரணை வைத்துவிட்டது. லஸ்ஹர் ஆட்டத்தை விற்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஆயுளுக்கும் தடை.

போன வியாழக்கிழமை அவர் கடைக்குப் போனேன். இரண்டு நாற்காலியும் காலி. கண்ணாடியில் யாரோ கரியால் 'விலைபோனவன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஏன்யா வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"தொறந்தா உங்களுக்குத் தோல்வி எழுதிடுவாங்களே அக்கா."

"எழுதட்டுமே. நீங்க மேல தங்கலாம்."

"ஆடாம ஜெயிக்கறதுக்கா இருபது வருஷமா முட்டி தேய ஓடினேன்? போன வருஷம் அதே ஆறு எங்களயும் நிறுத்துச்சு. எதிரணி நேரம் பாத்துக்கிட்டு நின்னாங்க. அது எனக்குப் பிடிக்கல, அவ்ளோதான்." சீப்பை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "என் மாமனாரே வேற கடைக்குப் போய் முடி வெட்டிக்கறார். அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு."

பெரியோர்களே, அன்றிலிருந்து நான் உறங்கவில்லை. ஊர் விழுமோ என்ற அச்சம் ஒரு பக்கம். உண்மை விழுமோ என்ற அச்சம் மறுபக்கம்.

என்ன தம்பி, பின்வரிசையில்? "அவரு அவங்க ஊர் ஆளு, நாம ஏன் எறங்கணும்?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. பச்சைச் சட்டை போட்டவன் பட்டினி கிடந்தால்தான் நமக்குப் பசிக்குமா? நம் பிள்ளைகள் ஆற்றில் இறங்காமல் கரையில் காத்திருக்க முடிந்தது யார் சொல்லை நம்பி? பழி சுமப்பவர் அவர், பரிசு சுமப்பவர் நாம் என்றால், அந்தப் பரிசை எந்த அலமாரியில் வைப்பது? எந்த முகத்தோடு பார்ப்பது?

அனுமதி கேட்க நான் இந்த மேடை ஏறவில்லை. இரண்டு ஐம்பது என்று திருத்தி எழுதிய கடிதத்தை இன்று காலையே லீக் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நாளை விசாரணை. வெற்றியைப் பறிக்கலாம். நம்மை இறக்கலாம். என்னையும் விலக்கலாம். என்ன நடக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த அறையில் என் பக்கத்தில் யார் உட்காருவார்?

தலைவரே, தலை குனியாதீர்கள். நான் யாரையும் சுட்டவில்லை.

ரம்தான், ஏன் எழுந்து நிற்கிறாய்? உரக்கச் சொல், தாய்மார்களுக்குக் கேட்கட்டும்.

"அந்தக் கோல் போட்டது நான்தான் டீச்சர். அது போகுதுன்னா நான் வந்து பாக்கணும். வர்றேன்."

கேட்டீர்களா? எண்பத்தெட்டு நிமிடம் காத்திருந்து அடித்த கோல். அதை அவனே கையில் எடுத்துக்கொண்டு வருகிறான். அதோ கோல்காப்பாளர் எழுகிறார். அதோ தீஜானி. அதோ சுவரோரம் இரண்டு தாய்மார்கள். போதும். எண்ண மாட்டேன், எழாதவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பயம் எனக்கும் இருக்கிறது.

கேட்க வந்ததற்கும், கல்லெறியாமல் கேட்டதற்கும் நன்றி. நாளை நாம் எந்தப் பிரிவில் இருப்போமோ தெரியாது. எந்தப் பிரிவில் இருந்தாலும், ஐன் ஸித்ராவில் லஸ்ஹரின் கடையில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. விசாரணை முடிந்ததும் முடி வளர்ந்த ஆண்கள் எல்லோரும் அந்த ஊர் வழியாகவே திரும்பலாம்.

உங்கள் இல்லங்களில் அமைதி நிலவட்டும். ஸலாம்.