ஆறாவது ஊசி

கன்னியம்மா போடும் டீயில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கல்தான் சார். அதை நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. யார் மனத்தையும் நோகடிக்க எனக்கு வராது.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவுவது அவர் வேலை. என் வேலையை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். மரபணுவிலிருந்து எடுக்கும் நகலை உடம்பு அப்படியே பயன்படுத்துவதில்லை. சில துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுகிறது. ஒரே மரபணுதான், கோழி ஒரு விதமாக ஒட்டும், எலி இன்னொரு விதமாக. அந்த ஒட்டை மாற்றி, நலிந்த தசையை வலுவாக்கும் மருந்துக்காக ஒன்பது வருஷம் உழைத்தேன். எலி எழுந்து நடந்தது. கோழியும் முயலும் நடந்தன. மனித உடம்பு எப்படி ஒட்டும் என்பதை மனித உடம்புதான் சொல்ல முடியும். மனிதரிடம் சோதிக்க அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள்.

ஒருநாள் கன்னியம்மாவே கேட்டார். "மேடம், நடக்காத எலியெல்லாம் ஓடுதே, என் முட்டிவலிக்கு எதுனா ஊசி கீதா?"

"வைட்டமின் போடறேன். வாரம் ஒண்ணு, ஆறு போதும்" என்றேன்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் படிகளை நிற்காமல் ஏறியதாகச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான்காவதுக்குப் பிறகு மூச்சு வாங்கியது. முட்டிக்குப் பரிசோதனை என்று சொல்லி, தொடையிலிருந்து அரிசியளவு தசை எடுத்துப் பார்த்தேன். எந்த விலங்கிலும் நான் பார்க்காத ஒட்டு. அதே மரபணு இதயத் தசையிலும் வேலை செய்கிறது. அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நான்கு ஊசிகளின் தரவை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது சார்.

"மார்ல கல்லு வெச்ச மாரி கீது மேடம்" என்று சொல்லிக்கொண்டேதான் ஆறாவது ஊசிக்கு வந்தார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் போட்டேன். மறுநாள் காலை ஸ்டேஷன் படியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் மகள் ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவ மனுஷியா பாத்தது நீங்க ஒருத்தர்தான் மேடம்" என்று அழுதாள். இதயத்திலிருந்து ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். அந்த நேரத்தில் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

கொன்றேனா என்றால், ஆமாம், தெரிந்தேதான். ஆனால் என் ஆய்வுக் கட்டுரையில் அவரைத் 'தன்னார்வலர்' என்று எழுதியது பொய் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஆறு தடவையும் கையை அவரேதான் நீட்டினார்.