முந்நூறாவது துண்டுச்சீட்டு

மேடையில் வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே, பெரிய வீட்டிலிருந்து வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் ஆலைக் குடும்பத்து அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மீட்டர் ஐயாவின் துணைவியாரே, அவருடைய மகளே, கழிவுப்பஞ்சுக் கிடங்கில் வேலை பார்த்த என் தாய்மார்களே, நம் வரலாற்று வட்டத்து நண்பர்களே, ஐயாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் புத்தகம் தைக்கிறவன். எங்காவது தையல் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் ஐயா! அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? முப்பத்து நான்கு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். "புது வீட்டுக்குக் குடிபோன அன்னைக்கு நான் அடுக்களையைப் பார்க்கிறேன், இவர் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்க்கிறார்" என்று ஐயாவின் வீட்டு அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அதே வீடுகளில் மறுபடி ஏறினார். கால்வாய்க் கரையில் மூடிக் கிடக்கும் நான்கு ஆலைகளின் கதையையும், அவற்றை நடத்திய குடும்பங்களின் கதையையும் எழுத வேண்டும் என்றார். யார் கேட்டார்கள் அவரை? யாரும் கேட்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. காதில் விழுந்ததையெல்லாம் பென்சிலில்தான் எழுதுவார். ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொன்னால்தான் அதன்மேல் பேனா ஓடும். "சிநேகிதங்க பேசி வெச்சுக்கிட்டு சொல்லலாம். சண்டைக்காரங்க எப்படிப் பேசி வெச்சுக்குவாங்க?" என்பார். "நம்ம ஊர்ல இருக்கிற சண்டைக்கு, உண்மைக்குப் பஞ்சமே வராது" என்றும் சொல்வார்.

இந்த வழக்கத்தை நம்பித்தான் அவர் முதல் புத்தகத்தை எழுதினார். பெரிய ஆலையின் கதை அது. முந்நூறு பிரதிகள். அச்சடித்த தாள்கள் என் கடைக்குத்தான் வந்தன. மடித்ததும் நான், அடுக்கியதும் நான், தைத்ததும் நான். நண்பர்களே, எங்கள் தொழிலில் நாங்கள் படிப்பதில்லை. பக்க எண் சரியாக இருக்கிறதா, ஓரம் நேராக இருக்கிறதா, அவ்வளவுதான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை முந்நூறு முறை என் கையால் மடித்தேன். ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

படித்தது என் மனைவி. கடைக்கென்று ஒதுக்கிய ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதை நீங்களேதான் தைச்சீங்களா?" என்றாள். கிடங்கில் தீப்பிடித்த நாளைப் பற்றிய பக்கம் அது. 'கொதிகலன் தொழிலாளி தன் இடத்தை விட்டு அகன்றதே பெரும் சேதத்துக்குக் காரணம்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கொதிகலன் தொழிலாளி என் அப்பா.

வேலை போய், கையில் வெந்த தழும்போடு, ஊர் வாயில் விழுந்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செத்துப்போன மனிதர். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது அச்சில் ஏறிவிட்டது. நானே நூல் போட்டு, பசை போட்டு, கெட்டி அட்டையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு? கை கழுவக்கூட இல்லை. நேரே ஐயா வீட்டுக்குப் போய்விட்டேன். சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். அம்மா இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். அம்மா, அன்றைக்குப் பேசியதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா எதிர்வாதம் செய்யவில்லை. நான் மூச்சு வாங்குகிற வரை காத்திருந்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"உங்கப்பா என்ன சொன்னார்?"

"அவர் ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமேயா?"

யோசித்தேன். "எங்கம்மா திட்டும்போதெல்லாம் ஒண்ணு சொல்வார். 'கதவு தொறந்துச்சுல்ல, அது போதும், விடு'ம்பார்."

"எந்தக் கதவு?"

"நாங்க கேட்டதில்லை."

அவர் அதைப் பென்சிலில் எழுதிக்கொண்டார். "நானும் கேட்கலையே தம்பி" என்றார். அவரைவிட இரண்டு வயது மூத்தவன் நான். கோபத்தில் அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகள் தேடினார். தீ பற்றிச் சொன்ன இரண்டு சண்டைக்காரர்கள் யார்? ஆலை மேனேஜர் ஒருவர், தொழிற்சங்கச் செயலாளர் ஒருவர். எதிரெதிரே வந்தால் தெரு மாறிப் போகிறவர்கள். இருவரும் என் அப்பாவைத்தான் கைகாட்டினார்கள். ஆனால் அந்தக் கிடங்குக்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கழிவுப்பஞ்சு பிரித்த முப்பத்தொரு பெண்கள். ஆலை மூடியதும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பஸ் ஏறினார் மீட்டர் ஐயா. முதலில் கிடைத்த அம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது இது: "பின்கதவை வெளியில பூட்டி வெச்சிருந்தாங்க. வேலை நேரத்துல நாங்க வெளிய போகக்கூடாதாம். ஒரே புகை. பாய்லர்காரர்தான் கரி அள்ளுற சவலால அடிச்சு அடிச்சுக் கதவை ஒடைச்சார். அவர் கை வெந்ததை நான் பார்த்தேன். எங்களை யாருங்க கேட்டா இத்தனை வருசமா?"

ஐயா அதையும் பென்சிலில்தான் எழுதினார். பிறகு, "உங்களுக்கு ஆகாதவங்க யாராவது அன்னைக்கு உள்ளே இருந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தார்கள். அந்த அம்மாவின் நாத்தனார். இருபது வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களிடமும் போனார். "அவ வாயைத் தொறந்தாலே பொய். ஆனா இது மட்டும் நெசம்" என்றார்கள் நாத்தனார். இருவரும் இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கிறார்கள். வேறு வேறு வரிசையில்!

அந்த இருவரும் இன்னொன்றும் சொன்னார்கள். பூட்டு போடச் சொன்னவர் மேனேஜர். அதற்குச் சரி என்று தலையாட்டியவர் சங்கச் செயலாளர். சண்டைக்காரர்கள் இருவருக்கும் மறைக்க வேண்டியது ஒன்றாகவே இருந்தது. மூன்றாவதாக ஒருவன் மேல் போட்டுவிட்டார்கள். "என் அளவுகோல்லயே ஓட்டை இருந்திருக்கு" என்றார் ஐயா என்னிடம். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுபதிப்புப் போடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "புதுசு போட்டா பழசு எங்க போகும்? தப்பு எந்த வீட்டுக்குப் போச்சோ, திருத்தமும் அந்த வீட்டுக்குத்தான் போகணும்" என்றார். முந்நூறு துண்டுச்சீட்டுகளைத் தன் கையாலேயே எழுதினார். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு, மீட்டர் பார்க்கப் போன அதே வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு படியிலும் நின்று, "நான் எழுதினது தப்பு, திருத்த வந்திருக்கேன்" என்று சொன்னார். தன் தவறைச் சொல்வதற்காக முந்நூறு கதவு தட்டிய ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதல் ஒட்டு என் வீட்டுப் பிரதியில். அன்றைக்கு என் கோபம் போயிற்று. மறுநாளிலிருந்து பசை டப்பா என் கைக்கு வந்தது.

ஒன்பது ஆண்டுகளில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பிரதிகள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது, பெரிய வீட்டுப் பிரதி. "எங்க வீட்டுப் புத்தகத்துல யாரும் கைவைக்க வேண்டாம்" என்று அங்கிருந்த பெரியவர் சொல்லிவிட்டார். ஐயா சண்டை போடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு முறை போவார், டீ குடிப்பார், கேட்பார், வந்துவிடுவார். போன மாதம் மருத்துவமனைக்குப் போகும்போதும் அந்த முந்நூறாவது சீட்டு அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அம்மா அதை என்னிடம் கொடுத்தார்கள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டு அம்மையார் ஒரு துணிப்பையோடு வந்தார்கள். புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார்கள். "அப்பா இருந்த வரைக்கும் என்னால முடியலைங்க. அதுக்கப்புறம் நானே தள்ளிப் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் டீ குடுத்து அனுப்பினேனே தவிர, புத்தகத்தைக் குடுக்கலை" என்றார்கள். பிறகு, "மேனேஜருக்குப் பூட்டச் சொல்லி உத்தரவு போட்டது எங்க தாத்தா. அதையும் எழுதுங்க. ஆலைக் காகிதமெல்லாம் அலமாரியில இருக்கு, வந்து பாருங்க" என்றார்கள்.

அம்மா, நன்றி. இதைச் சொல்ல எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் வருகிறோம். வரலாற்று வட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஏழு பேரும் வருகிறோம். மீதி மூன்று ஆலைகளின் கதையையும் எழுதி முடிப்போம். பென்சிலில்தான் தொடங்குவோம். நீங்கள் இன்றைக்குச் சொன்னதையும் பென்சிலில்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சண்டைக்காரர்களைக் கேட்போம், அதோடு கிடங்குக்குள் இருந்தவர்களையும் கேட்போம். இனி தைக்கும் முன் நான் படிப்பேன். இது ஐயாவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பசை டப்பா கொண்டுவந்திருக்கிறேன். சீட்டில் ஐயா எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: 'இந்தப் பக்கத்தில் நான் எழுதியது தவறு. கொதிகலன் தொழிலாளி தன் இடத்தை விட்டுப் போனது பூட்டியிருந்த பின்கதவை உடைக்க. முப்பத்தொரு பெண்கள் அதன் வழியாக வெளியே வந்தார்கள்.'

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இதோ, ஒட்டிவிட்டேன் ஐயா. அப்பா, ஒட்டியாயிற்று.

ஈரம் காய்கிற வரை புத்தகத்தை மூடக் கூடாது என்று ஐயா ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவார். அதனால் இதை அவருடைய படத்துக்கு முன்னால் திறந்தபடியே வைக்கிறேன். போகும்போது எல்லோரும் ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள்.