பொடிக்கு உரியதும் அவளுக்கு உரியதும்

நாற்பத்திரண்டு நாள்களையே ஒரு யுகமாக எண்ணி வாழும் கறிக்கோழி வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, கோழி இருமினால் பதறியும் தாம் இருமினால் பொறுத்தும் பழகிவிட்ட பெரியோர்களே, மண்டபத்தில் கடைசி வரிசையிலும் ஷெட்டில் முதல் வரிசையிலும் நிற்கின்ற தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

'தீவனத்தில் மூலிகை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சென்ற கூட்டத்திலும் இதே தலைப்பில், இதே மைக்கில் பேசினேன். "மூலிகைப் பொடி போட்டேன், கோழிக்குக் கால் கிலோ கூடியது" என்றேன். கை தட்டினீர்கள். தலைவர் அந்த வாக்கியத்தை என் படத்தோடு துண்டறிக்கையாகவே அச்சிட்டார். படம் நன்றாக வந்திருக்கிறது. வாக்கியம்தான் தவறு.

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும்.

என்னிடம் இரண்டு ஷெட். மஞ்சளும் பூண்டும் ஓமமும் கருஞ்சீரகமும் அரைத்த பொடியை ஒன்றில் மட்டும் கலந்தோம். அந்த ஷெட் என் மனைவியின் பொறுப்பு. பொடி போடாத ஷெட் என் பொறுப்பு. எடை போட்ட அன்று அவள் கோழி இரண்டரை கிலோ, என் கோழி இரண்டே கால். வித்தியாசம் எதனால்? நான் யோசித்தேனா? யோசித்திருந்தால் மேடை ஏறியிருப்பேனா? எல்லாம் பொடியின் பெருமை என்று இங்கே முழங்கினேன். அவள் பின்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பையை எடுத்தாள். "எங்க கெளம்பிட்ட?" என்றேன். "தம்பி வீட்டுக்கு. பொடிதான வளத்துச்சு? பொடியே பாத்துக்கட்டும்."

அடுத்த பேட்ச் குஞ்சுகள் வந்தன. இரண்டு ஷெட்டிலும் பொடி போட்டேன். மஞ்சள் இருந்தது. பூண்டு இருந்தது. ஓமம் இருந்தது. தட்டு நிறையத் தீவனம் இருந்தது. ஷெட் வாசலில் அவளுடைய ரப்பர் செருப்புகூட இருந்தது. எடை? இரண்டு ஷெட்டிலும் இரண்டே கால்.

கால்நடை மருத்துவரை அழைத்தேன். உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார். "எச்சம் கெட்டியா இருக்கு, தரையில உமி காஞ்சிருக்கு. கொடல் நல்லா இருக்குங்க. அது பொடியோட வேலைதான். ஆமா, இதுக்குள்ள யார் நடக்கறது?"

"யாரும் நடக்கலைங்களே."

"அதான். உக்காந்த கோழி எந்திரிச்சாத்தான திங்கும்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை அவள் அந்த ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பாள். "எந்திரிங்க, எந்திரிங்க. இது என்ன மாமனார் வீடா, இப்படிச் சாஞ்சு கெடக்கீங்க?" கோழிகள் எழும், தட்டுக்குப் போகும். அதே வசனத்தை நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் குரலுக்கு அவை எழுந்தன; என் குரலுக்கு இவை மூலையில் போய் ஒளிந்தன.

சிரிக்காதீர்கள். உங்கள் ஷெட்டிலும் யார் நடக்கிறார்கள் என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இத்தனை நாளும் தினம் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். "எச்சம் கெட்டியா இருக்கா?" "கெட்டியா இருக்கு." "தரை?" "காஞ்சிருக்கு." "சரி." வைத்துவிடுவாள். காதலர்கள் நிலவைப் பற்றிப் பேசுவார்களாம். நாங்கள் எச்சத்தைப் பற்றிப் பேசினோம். ஏக்கத்தில் ஒரு குறையும் இல்லை. 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை' என்று ஒருநாளாவது சொன்னேனா? வாயில் வரவில்லை. இப்போது வளர்கிற பேட்ச்சும் இருபது நாளைத் தொட்டுவிட்டது. நேற்று அவள் கேட்டபோது என் வாயில் வேறொன்று வந்தது. "தண்ணியாப் போகுது."

"காலைல பஸ்ஸுக்கு வரேன்" என்றாள்.

நான் இங்கே வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வாசல் வழியாக ஒரு பெண்மணி பையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் இன்னும் ஷெட்டைப் பார்க்கவில்லை.

பெரியோர்களே, நான் என்ன செய்வேன்? உண்மையை மறைத்துப் பொடிக்குத் துரோகம் செய்வதா? உண்மையைச் சொல்லி வீட்டில் பொய்யன் என்று பெயரெடுப்பதா? துண்டறிக்கையை மாற்றி அச்சிடுங்கள், தலைவரே. குடலைக் காத்தது பொடி. எடையைக் கூட்டியது அவள். எச்சம் நேற்றும் கெட்டி, இன்றும் கெட்டி. தளர்ந்துபோனது கோழியின் குடல் அல்ல, நான்தான்.

என்னம்மா? எழுந்து நின்று ஏதோ சொல்கிறார். முன்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே சொல்லிவிடுகிறேன். "அது எனக்கு நேத்தே தெரியும். நெஜமாவே தண்ணியாப் போயிருந்தா, நீங்க அவ்வளவு ஆசையாவா சொல்லியிருப்பீங்க?" என்கிறார்.

இன்னும் நிற்கிறார். "எறங்குங்க. இது என்ன மாமனார் வீடா? உச்சி நேரமாச்சு, ஷெட்டுல யார் நடக்கறது?"

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. அச்சகத்துக்காரரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். எனக்கு அழைப்பு வந்துவிட்டது. வணக்கம்.