குதிகாலில் இருந்த எண்

— வலிக்கல. சொகுசா இருக்கு. இந்த பூட்ஸையே கட்டிக் குடுங்க, நாங்க கிளம்பறோம்.

— சொகுசா இருக்கா? அப்போ அது உனக்கு ஆகாது. கழட்டு.

— எதுக்குங்க கழட்டணும்? அவளுக்குப் புடிச்சிருக்கே. வாழ்க்கையில முதல் தடவையா பனியில சறுக்கப்போறா, கால் வலிக்காம இருந்தாத்தானே கத்துப்பா?

— தம்பி, உன் பேர் என்ன சொன்ன?

— ஆர்னோ. வியன்னாவுல இருந்து வர்றோம். இவ யோஹன்னா. மே மாசம் எங்களுக்குக் கல்யாணம்.

— சந்தோஷம். என் பேர் புர்கி. இந்த மலையில ஏறிட்டா 'நீங்க' கிடையாது, எல்லாருக்கும் 'நீ'தான். ஆர்னோ, இந்த பூட்ஸை யார் எடுத்துக் குடுத்தது?

— நான்தான், அலமாரியில இருந்து. இருபத்தாறரை. உங்க... உன் கடைப் பையன் சறுக்குப் பலகையில வெச்சு, பூட்ஸைப் பிடிக்கிற பூட்டுகூட செட் பண்ணிட்டான்.

— பார்த்தேன். இப்போ உள்ளுறையை வெளியே உருவறேன். யோஹன்னா, பூட்ஸோட வெறும் ஓட்டுக்குள்ள காலை விடு. விரல் நுனி முன்னாடி முட்டட்டும். ம்... குதிகாலுக்குப் பின்னாடி என் விரல் ஒண்ணு, ஒண்ணரை போனாப் போதும். பாரு, கையே போகுது! பலகை ஒரு பக்கம் திரும்பும், உன் கால் உள்ள நீச்சலடிச்சுக்கிட்டு இருக்கும்.

— பரவால்ல. மெதுவாத்தான் போகப் போறேன். குழந்தைங்க சறுக்கற மேட்டுல.

— மெதுவாப் போறவங்கதான் முட்டியை உடைச்சுக்கறாங்க. இது என்ன, ரெண்டு சாக்ஸா?

— அது என் யோசனை. குளிருமேன்னு...

— அட கடவுளே. ரெண்டு சாக்ஸ் போட்டா மடிப்பு விழும், ரத்தம் ஓடாது, அப்புறம்தான் குளிரும். மெல்லிசா ஒண்ணு, அவ்வளவுதான். ரெண்டையும் கழட்டும்மா.

— வேண்டாம்.

— ஏன்?

— கூச்சமா இருக்கு. பெருசுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல, சின்னதா ஒண்ணு குடுத்துடு. போதும்.

— காலைப் பார்க்காம நான் யாருக்கும் பூட்ஸ் குடுத்ததில்ல.

— யோஹன்னா, என்ன நீ, டாக்டர்கிட்ட வந்த மாதிரி பயப்படற? அவ கால் கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கும் புர்கி, அதான். சின்ன வயசுல பாலே ஆடினவ.

— பாலேயா.

— ஆமா. பதினாறு வயசு வரைக்கும். இல்லடா?

— ஆமா.

— காட்டு. ...ம்.

— என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல. எழுந்து நில்லு. இது இருபத்திநாலரை. ஓடு மெத்துனு இருக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கானது. கீழ இருந்து மேல கொக்கியை மாட்டறேன். முட்டியை மடி. இப்போ விரல் பின்னாடி வருதா?

— வருது.

— முட்டியை மடிக்கச் சொன்னேன். நீ கணுக்காலை மடிச்சு, கணைக்கால் எலும்பை பூட்ஸோட நாக்குல சாய்ச்சு நிக்கற. புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கவே ரெண்டு நாள் ஆகும்.

— அவ கெட்டிக்காரி!

— கெட்டிக்காரிதான்.

— மேல என்ன சத்தம்? டக் டக்னு?

— என் வீட்டுக்காரர் செப். கைத்தடியால தரையைத் தட்டறார். சூப் வேணும்னு அர்த்தம். செப், வர்றேன்! கொஞ்சம் பொறு!

— உடம்பு சரியில்லையா?

— இடது முட்டி மடங்காது. பதினோரு வருஷமாச்சு. இளையோர் ரேஸ்ல தடம் காக்கிற வேலையில நின்னுக்கிட்டு இருந்தார். ஒரு பொண்ணு வளைவுல நிதானம் தப்பி, வலையைப் பிச்சுக்கிட்டு வந்து அவர் மேல விழுந்தா.

— ஐயய்யோ. அந்தப் பொண்ணுக்கு?

— ஒரு கீறல் இல்ல. ஆனா ஊரே அவளைப் பிச்சு எடுத்துடுச்சு. பதக்கத்துக்கு அலைஞ்சு ஒரு மனுஷனை முடமாக்கிட்டான்னு. அந்த வருஷமே வீட்டை வித்துட்டுக் குடும்பத்தோட போயிட்டாங்க.

— ஆர்னோ, இது சரியா இருக்கு. எடுத்துக்கலாம். போலாம்.

— இரு, பூட்டை மாத்தாம பலகையைத் தர மாட்டேன். பெரிய பூட்ஸுக்கு வெச்ச பூட்டு அது. இங்க பாரு, குதிகால் ஓரத்துல ஒரு நம்பர் இருக்கா? அடி நீளம். அது முன்னூத்தி அஞ்சு, இது இருநூத்தி எண்பத்தஞ்சு. பூட்ஸ் சின்னதானா பூட்டை அதுக்குத் தக்க நகர்த்தணும். இல்லன்னா 'டிக்'குனு மாட்டிக்கிட்ட மாதிரி காட்டும், வேகத்துல தானா கழண்டுக்கும். இருநூத்தி எண்பத்தஞ்சு. இருநூத்தி... எண்பத்தஞ்சு.

— எதுக்கு ரெண்டு தடவை படிக்கற?

— பழக்கம்.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும். ஆர்னோ, நாளைக்கு மலை ஏற லிஃப்ட் டிக்கெட் வாங்கிட்டியா? நாலரைக்கு ஜன்னலை மூடிடுவாங்க. இப்போ ஓடினா கிடைக்கும்.

— ஐயோ, ஆமால்ல! அஞ்சே நிமிஷம், யோஹன்னா.

— நானும் வர்றேன்.

— பூட்ஸ் போட்டுக்கிட்டு எங்க வருவ? உக்காரு. வந்துடறேன்.

— அவன் போயிட்டான், ஹன்னி.

— என் பேர் யோஹன்னா.

— கணுக்கால் வெளிப்பக்கம் இந்தப் புடைப்பு. ஓட்டைச் சூடு பண்ணி, இதுக்கு இடம் விட்டுத் தள்ளினவ நான். அப்போ உனக்குப் பதினஞ்சு வயசு, இதே முக்காலியில உக்காந்து கேக் தின்னுக்கிட்டே 'இன்னும், புர்கி, இன்னும்'னு கத்துவ. முடியை வெட்டிக்கலாம், கண்ணாடி மாட்டிக்கலாம். காலை எங்க ஒளிப்ப?

— அவர்தான் இழுத்துக்கிட்டு வந்தார். இந்தப் பள்ளத்தாக்குலயே நல்ல கடை இதுதானாம், எங்கேயோ படிச்சாராம். வாசல்ல பேர்ப்பலகையைப் பார்த்ததும் திரும்பிடலாம்னு பார்த்தேன். புர்கி, அவர்கிட்ட சொல்லாத. கெஞ்சிக் கேக்கறேன்.

— அவனுக்கு ஒண்ணுமே தெரியாதா?

— பனியைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். அதை எப்படிச் சொல்ல? 'நான் கத்துத் தர்றேன், கையைப் புடிச்சுக்கோ'ன்னார். முதல்ல இருந்து, ஒண்ணும் தெரியாதவளா ஆரம்பிச்சா மறுபடி நிக்க முடியுமோன்னு ஒரு ஆசை. அவ்வளவுதான். தெரிஞ்சா என்னை எப்படிப் பார்ப்பார்? ஊர் பார்த்த மாதிரி பார்த்தா நான் தாங்க மாட்டேன்.

— அந்த வளைவு ஞாபகம் இருக்கா?

— தினமும்.

— இடது பலகை. எப்போ கழண்டுச்சு?

— இப்போ எதுக்கு அது?

— கேக்கறேன், சொல்லு.

— விழுந்தப்புறம்னு விசாரணையில எழுதினாங்க. நானும் கையெழுத்து போட்டேன்.

— உனக்கு என்ன தோணிச்சு?

— முன்னாடியேன்னு. காலுக்குக் கீழ திடீர்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி. பயிற்சியாளர்கிட்ட சொன்னேன். 'தப்பைப் பலகை மேல போடாத'ன்னார். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லல. ஏன் இப்படி முழிக்கற? என்னைத் திட்டணும்னா திட்டிடு புர்கி. நான் தாங்கிப்பேன்.

— திட்டவா? நானா? ...காலைக் காட்டு. கொக்கி ஒரு பல் இறுக்கமா இருக்கு.

— இறுக்கமே இல்லையே. நல்லா இருக்கு.

— இந்தா, பூட்ஸ் உனக்குச் சரியா இருக்கு. காசு ஒண்ணும் வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ, நல்லா இரு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.

— மறுபடியும் தட்டறார்.

— தட்டட்டும்.

— செப் மாமா என்னைப் பத்திப் பேசுவாரா?

— வருஷா வருஷம் முதல் பனி விழுந்ததும் கேப்பார். 'அந்தப் பொண்ணு மறுபடி சறுக்கறாளா, உனக்கு ஏதாவது தெரியுமா?'ன்னு.

— கோவமாவா?

— அவருக்கு அதெல்லாம் வராது. அதான் எனக்குத் தாங்கல.

— டிக்கெட் வாங்கியாச்சு! கடைசி ரெண்டு! பூட்ஸ் முடிவாயிடுச்சா? ஏன் ரெண்டு பேரும் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? யோஹன்னா, அழுதியா?

— ஆர்னோ, கதவைச் சாத்திட்டு வா. உக்காரு. நான் பாலே ஆடினதே இல்ல.

— என்னடா சொல்ற?

— ஹன்னி, வேண்டாம். நான்தான் சொல்ல மாட்டேன்னேனே!

— இல்ல புர்கி. அவர் மேல இருந்து தட்டத் தட்ட என்னால இந்த பூட்ஸைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. ஆர்னோ, இந்த ஊர்தான் என் ஊர். செப் மாமா மேல விழுந்த பொண்ணு நான்தான். என் தப்பு. கல்யாணம் வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் மேல போய் அவர் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்.

— யோஹன்னா... என்கிட்ட ஏன் இத்தனை நாள்...

— படியில ஏறாத ஹன்னி! நில்லு!

— வழி விடு புர்கி.

— மன்னிப்புக் கேக்க நீ ஏறக் கூடாது. செப்! செப், காது கேக்குதா? தட்டறதை நிறுத்திட்டுக் கேளு! நம்ம ஹன்னி வந்திருக்கா. இன்னும் கால் இறுகணும்னு அவ கேட்டான்னு ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு அளவு சின்ன பூட்ஸ் மாத்திக் குடுத்தேன். பூட்டை மாத்தல, மறந்துட்டேன். உனக்கு அடிபட்ட அன்னிக்கு ராத்திரியே அவ பலகையை எடுத்துப் பார்த்தேன், பூட்டு பழைய அளவுலயே இருந்துச்சு, எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா உன் பக்கத்துல படுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.