காலிக் கட்டம் விடக் கூடாது

கும்மிடிப்பூண்டி கிளிஞ்சல் கம்பெனி நஷ்டஈட்டு அதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து முனிகிருஷ்ணன் எழுதிக்கொண்டது. 13-8-1971.

ஐயா,

ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதினால் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று பொன்னேரி ஹைஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே, தாங்கள் எங்கள் வலைகளைப் பார்வையிட வந்த அன்று: தாங்கள் வேப்பமர நிழலில், என் வீட்டு நாற்காலியில். தங்கள் குமாஸ்தா குப்புராஜ் பக்கத்தில், தலைகீழாகக் கவிழ்த்த கூடையின்மேல். ஊர்ப் பெரியதனம் இராமலிங்கம் ஓட்டைப் படகின் விளிம்பில். மற்ற ஆண்கள் மணலில். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றபடி. குப்பாயி அண்ணி மட்டும் வலையை மடியில் போட்டுக்கொண்டு தங்கள் காலடியில். அவர் புருஷன் அரசப்பன் அண்ணன் உட்காரவே இல்லை. நான் கோப்புடன் தங்கள் வலப்புறம். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. தாங்கள் அதைப் பெரிதுபடுத்தாமல் இருந்ததற்கு நன்றி.

தாங்கள் ஒரு வலையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தீர்கள். "இது மோட்டார்ல மாட்டிக் கிழிஞ்சதில்லப்பா. கத்தி. பதினொண்ணும் கத்தி" என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளினீர்கள்.

அரசப்பன் அண்ணன் அப்போது, "கத்தியோ கோடாலியோ, வலை இருந்தா நாங்க ஏரில இருப்போம் சார். உன் மூஞ்சியப் பாத்துக்கினு இன்னாத்துக்குக் குந்தினுகீறோம்?" என்றார். தாங்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் பேச்சே அப்படித்தான். என் கல்யாணத்தன்று என்னையே, "பேனா புடிக்கிற கையி பொண்ணு கையப் புடிக்குமா?" என்று கேட்டவர்.

தங்கள் முடிவு பெரும்பாலும் சரி. முழுதும் சரியல்ல. அந்த மிச்சத்துக்காகவே இக்கடிதம்.

ஆனி மாதம் பதினோராம் தேதி, கிளிஞ்சல் தோணியை இழுத்துப்போன தங்கள் மோட்டார் படகு அரசப்பன் அண்ணன் கட்டியிருந்த வலையின் குறுக்கே புகுந்தது. வலை நட்டநடுவே கிழிந்தது. இது உண்மை. குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன் நான் ஒருவன். கிளைத் தபால் ஆபீசும் என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. ஆகவே என்னிடம் வந்தார்கள். ஒரு வலை, ஒரு வீடு, ஒரு கோரிக்கை என்று சுருக்கமாக எழுதினேன்.

பதிலுக்குத் தாங்கள் படிவம் அனுப்பினீர்கள். அதில் பதினோரு வரிசைகள் இருந்தன. அடியில், "எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, விட்டால் நிராகரிக்கப்படும்" என்று அச்சிட்டிருந்தது.

நான் அதை நான்கு முறை படித்தேன். அச்சில் இருப்பதை மீறி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு வரிசையை நிரப்பிவிட்டு மீதிப் பத்தைக் காலியாக விட்டால் குப்பாயி அண்ணிக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் குப்பத்தில் வலை வைத்திருக்கும் வீடுகளும் பதினொன்றே. இதைத் தெய்வச்செயல் என்றே நினைத்தேன். மேலும், ஏரியில் மீன் பிடிக்கும் இடத்துக்கு எங்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்று இந்த இடம் இவருக்கு, நாளை அவருக்கு. ஒருவருக்குக் கூடுதல், இன்னொருவருக்குக் குறைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரவில் அப்படி என்றால் நஷ்டத்தில் மட்டும் ஏன் ஒரே வீடு? பதினோரு பெயரையும் எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்ததைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள்.

பிறகு, நேரில் வந்து பார்ப்பதாகத் தங்கள் கடிதம் வந்தது.

அதில்தான் சிக்கல். பத்து வலைகள் கிழியவே இல்லை. கிழிந்த ஒன்றையும் அண்ணி கிழிந்த அன்று மாலையே தைத்துவிட்டிருந்தார். எங்கள் பெண்கள் கிழிந்த வலையைக் கண்டால் ஊசி எடுக்காமல் இருக்க மாட்டார்கள். தையலைப் பிரித்து வைக்கும்படி அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா நைனா சொல்ற? கிழிஞ்ச வலையப் பாத்துக்கினு எவளாவது சோறு துன்னுவாளா? படிச்சி படிச்சி உனுக்கு மூள பேஜாராப் பூட்ச்சி" என்று சிரித்தார்.

அவர் சிரித்தது எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் கடிதம் பொய்யாகிவிடும் என்ற நிலை வந்துவிட்டது. இருபது வருடமாக மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு பொய்கூட எழுதியதில்லை. எழுதியது பொய்யாக நிற்கக் கூடாது என்றால் இரண்டு வழிதான்: எழுத்தை மாற்றலாம், அல்லது மற்றதை மாற்றலாம். எழுத்து ஏற்கெனவே தபாலில் போய்விட்டது.

ஆடி இரண்டாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். குப்பமே கோயிலில் இருந்தது. வலைகள் கழிகளில் காய்ந்துகொண்டிருந்தன. தபால் பையின் கயிற்றை அறுக்க ஒரு கத்தி வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடித்தேன். படிவத்தில் இருந்த வரிசைப்படியே போனேன். படகு புகுந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் குறுக்காகவே அறுத்தேன். நைலான் நூல் கையை அறுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அண்ணியின் வலையில் தைத்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் அறுத்தேன். அந்த ஒரு கோரிக்கை அசல் என்பதால். பிறகு கை கழுவிக்கொண்டு போய்க் கூழ் குடித்தேன்.

ஊர் திரும்பியதும் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். தங்கள் கம்பெனி ஆட்கள்தான் பழி தீர்த்தார்கள் என்று அரிவாளுடன் கிளம்பியவர்களைத் தடுத்தது நான்தான் என்பதையும் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். "ஆபீசர் வர்றாரு, கண்ணால பாக்கட்டும், அதுவரைக்கும் யாரும் ஊசி எடுக்காதீங்க" என்றேன். கேட்டுக்கொண்டார்கள். என் பேச்சுக்கு மரியாதை உண்டு.

பிறகு தாங்கள் வந்து போனது தங்களுக்கே தெரியும்.

தாங்கள் போன மூன்றாம் நாள் அரசப்பன் அண்ணனுக்குப் பாடு வந்தது. தவறவிட்டால் எல்லோருக்கும் ஒரு சுற்று முடிந்துதான் மறுபடி வரும். வலை இல்லை. தைத்த இடத்திலேயே மறுபடி அறுந்ததால் தையல் நிற்கவில்லை. கடன் கொடுக்க வேறு வீட்டிலும் தைத்து முடிந்த வலை இல்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கட்டுமரத்தில் போனார். வலை இருப்பவன் ஆடிக் காற்றில் அந்தப் பக்கம் போக மாட்டான். மறுநாள் கட்டுமரம் மட்டும் ஒதுங்கியது. அதற்கடுத்த நாள் அவர். இது இக்கடிதத்தின் பொருள் அல்ல. தகவலுக்காகக் குறிப்பிட்டேன்.

நேற்று அண்ணி என் வீட்டுக்கு வந்தார்.

"நைனா, எனுக்குப் பணம் வேணாம். எந்தப் பாவி அறுத்தான்னு மட்டும் அந்த ஆபீசருக்கு எழுதிக் கேளு. அவன் பேரு தெரிஞ்சா போதும். அவன் ஊட்டு வாசல்ல போயி நின்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும்" என்றார்.

கேட்டதை எழுதிக் கொடுப்பது என் கடமை. ஆகவே எழுதுகிறேன்: பதினோரு வலைகளையும் அறுத்தவன் முனிகிருஷ்ணனாகிய நான். முதல் வரிசையில் உள்ளதைத் தங்கள் படகும் முன்பே கிழித்திருக்கிறது. எனவே இரண்டு முதல் பதினொன்று வரை உள்ள வரிசைகளை அடித்துவிட்டு, முதல் வரிசைக்கு உரிய நஷ்டஈட்டை காலஞ்சென்ற அரசப்பனின் மனைவி குப்பாயி பெயருக்கு அனுப்பக் கோருகிறேன். பணம் வேண்டாம் என்று அவர் சொல்வது துக்கத்தில். வலை இல்லாமல் அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

இதை எழுதும்போது அவர் எதிரில், தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "பேரு எழுதிட்டியா?" என்று இப்போது கேட்டார். "எழுதிட்டேன் அண்ணி, தெளிவா" என்றேன். கடிதத்தின் கீழே கைநாட்டு வைத்திருப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
மு. முனிகிருஷ்ணன்

(உறையின் பின்புறம்:) பசை தடவி ஒட்டியதும் தபால்தலை வைத்ததும் குப்பாயி. முத்திரை குத்தியது நான். மூன்று மணிப் பையில் போகிறது. அவரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் உள்ளே இருக்கிறது.