ஏழாவது போட்டி

எங்கள் பள்ளிக்கூட மைதானம் ஒருபக்கம் சரிவானது. மேற்குக் கோல் கம்பத்தடியில் பந்தை வைத்தால் அது தானாகவே கிழக்கே உருளும். வைகாசி பிறந்துவிட்டால் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் புழுதியைப் பந்தோடு சேர்த்து ஒரே பக்கமாகத் தள்ளும். தோற்றதற்குச் சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பதினொரு வருடம் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கியவன் நான். எதைப் பற்றிக் கேட்டாலும் மைதானத்திலிருந்துதான் தொடங்க வருகிறது.

நீங்கள் பிரஜைகள் குழுவிலிருந்து வந்திருப்பது சுப்பம்மாவின் மகன் சங்கிலியைப் பற்றி விசாரிக்க. இந்த ஐந்து வருடத்தில் அந்தத் தாய்க்காக முறைப்பாட்டு மனுவாகப் பத்தொன்பது பெட்டிசம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் தாளில் என் பெயருக்கு நேரே 'சாட்சி' என்று எழுதியிருப்பதைக் கண்டேன். அது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

சுப்பம்மா குடும்பத்தார் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தக் குடியேற்றத்தில் காடு வெட்டி இருந்தவர்கள். எண்பதாம் ஆண்டு தை மாதம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புதுப் பிள்ளைகளைப் பதிகிற வேலை அப்போது என்னிடம் இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டேன்.

"தோட்டத்து லயத்து வீட்டோட எல்லாம் எரிஞ்சு போச்சுங்க ஐயா. உசிர மட்டுந்தான் தூக்கிட்டு வந்தோம்."

"அம்மா, எரிஞ்சுபோச்செண்டு கந்தோருக்கு எழுதேலாது. பத்திரம் இல்லாமல் பதியேலாது."

உத்தேச வயதுப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் கடிதம் கொடுத்து, ஒருநாள் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைந்தால் எடுக்கலாம். அது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. வெயில் நேரம், எனக்குப் பசி, வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். பெடியன் எட்டு மைல் தள்ளியிருந்த மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அந்தப் பள்ளிக்கூட அதிபர் அலைந்து திரிந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

இனி எண்பத்து நான்காம் ஆண்டு, இரண்டாம் தவணை. வட்டாரச் சுற்றில் எங்களுக்கு ஏழு போட்டி. முதற் போட்டியும் கடைசிப் போட்டியும் அந்த மற்றப் பள்ளிக்கூடத்தோடுதான். முதற் போட்டியில் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றோம். நான்கு கோல் சங்கிலி அடித்தது. சப்பாத்து இல்லாத வெறுங்காலால் அடித்தான். பெடியன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எங்கள் கோல் காப்பாளனே கைதட்டிவிட்டான். அதற்காக அவனுக்கு நான் அடித்தேன்.

பிறகு ஐந்து போட்டி. எல்லாம் தோல்வி. ஆறாவதில் எங்கள் பிள்ளைகள் தங்கள் கோலுக்குள் தாங்களே பந்தை அடித்துக்கொண்டார்கள். எங்கள் அதிபர் ஐயாத்துரை என்னைக் கூப்பிட்டார்.

"அல்பேர்ட் மாஸ்டர், உந்தச் சங்கிலி எங்கட குடியேற்றத்துப் பெடியன் அல்லோ? அவனை ஏன் நாங்கள் எடுக்கேல்லை?"

"பத்திரம் இல்லை, சேர்."

அவர் போட்டி அட்டவணையை எடுத்து என் முன்னால் வைத்தார். "கடைசி மட்ச் எங்கட கிறவுண்டில. அதிலையாவது மானத்தைக் காப்பாத்துங்கோ. இல்லாட்டி வாற வருசம் எங்களுக்கு உந்த விளையாட்டே வேண்டாம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதைவிட வீதியோரத்து மதகடிதான் என்னைக் கொன்றது. பின்னேரத்தில் நாலைந்து பேர் அதில் குந்தியிருந்து கதைப்பார்கள். நான் சைக்கிளில் போகும்போது ஒருவர் மறக்காமல் கேட்பார்: "மாஸ்டர், இண்டைக்கு எத்தினை?" எத்தனை கோல் வாங்கினோம் என்று கேட்கிறார்களாம். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் என் இடது கால் அடியைப் பார்க்கவென்று ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். அந்த என்னை மதகில் குந்தியிருக்கிற சோம்பேறிகள் இப்படிக் கேட்பது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மொட்டைப் பெட்டிசம் எழுதாதவன் யார்? ஊர் அதிகாரி விதானையார் ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு பெட்டிசம், சங்கக்கடை மனேச்சர் அரிசி பதுக்கினால் ஒரு பெட்டிசம். கையெழுத்து இருக்காது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். முதலில் நான் கல்விக் கந்தோர் அதிகாரிக்கு எழுதினேன், சங்கிலியின் வயதுப் பத்திரம் சரியானதா என்று பார்க்கச் சொல்லி. ஒருவரும் வரவில்லை. கடைசிப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது.

அடுத்த பெட்டிசத்தை இராணுவ முகாமுக்கு எழுதினேன்.

எழுதுங்கள், நிறுத்தாதீர்கள். நான் நிதானமாகத்தான் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் நான்கு வரி. இந்தப் பெடியன் ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குச் செய்தி கொண்டுபோகிறான், இந்த நேரத்தில் இந்த வழியால் சைக்கிளில் வருவான் என்று எழுதினேன். கை தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பெயரில் பிழை விட்டால் பாவம், சம்பந்தமில்லாத வேறு யாராவது பிள்ளை அகப்பட்டுவிடும் அல்லவா? நெடுங்கேணிச் சந்தைக்குப் போன அன்று அங்கேயே தபாலில் போட்டேன். முந்திய மாதம் இப்படிப் பிடித்த நாலு பேரை ஒரு கிழமையில் விட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில்தான் செய்தேன். போட்டி முடியும்வரை உள்ளே இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் அவனைப் பிடித்தார்கள். சைக்கிள் வேலியோரம் கிடந்தது. சட்டைப்பைக்குள் இருந்தது கேத்திரகணிதக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் மட்டும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மற்றப் பள்ளிக்கூட ஆசிரியர் வந்து, பிள்ளைகள் அழுகிறார்கள், போட்டியை ஒரு கிழமை பின்போடுவோமா என்று கேட்டார். "வட்டாரத்தில போட்ட திகதியை நாங்கள் மாத்தேலாது, மாஸ்டர்" என்றேன். சனிக்கிழமை அவர்கள் பத்துப் பேராக இறங்கினார்கள். பதினோராவது ஆளுக்கு இடம் விட்டே விளையாடினார்கள். அப்படியும் நாங்கள் திணறினோம். முடிய மூன்று நிமிடம் இருக்கையில் எங்கள் கப்டன் பாலன் ஒரு பெனால்டி அடித்தான். ஒன்றுக்குப் பூச்சியம். நான் துள்ளினேன். பக்கத்தில் நின்ற அதிபரைக் கட்டிப்பிடித்தேன். அந்தத் துள்ளலை நினைக்கும்போதெல்லாம் என் உடம்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரிவதில்லை. பாலன் துள்ளவில்லை. பந்தை எடுத்து அவர்களுடைய கப்டனின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை நான் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு சுப்பம்மாவோடு முகாமுக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம் அவனை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாக வாசலில் சொன்னார்கள். எங்கே என்று தெரியாது என்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வீடு திரும்பியதும் முதலாவது பெட்டிசத்தை வலது கையால் சுப்பம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பத்தொன்பது. நல்ல தமிழ், நல்ல ஆங்கிலம். அவன்மீது சொல்லப்பட்டது பொய், சொன்னவன் நான் என்ற ஒரு வரியை மட்டும் எதிலும் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கச்சான் கடலையோ முட்டையோ கொண்டுவந்து வைப்பார். வேண்டாம் என்பேன். வைத்துவிட்டுப் போவார். நான் சாப்பிட்டேன்.

இதெல்லாம் உங்களுக்குப் பெரிய குற்றமாகத் தெரியும். ஆனால் பெட்டிசத்தைப் பற்றி இவ்வளவு நேரம் என்னால் சொல்ல முடிந்தது. சொல்ல முடியாதது வேறு ஒன்று. அது பெட்டிசம் எழுதிய நாளில் நடந்ததல்ல.

வியாழக்கிழமை, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளிக்கூடம் விட்ட கையோடு சுப்பம்மா என் அறை வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு.

"ரெண்டு நாளா முகாம் வாசல்லயே நின்னேங்க ஐயா. இன்னிக்குத்தான் பெரியவரு வெளிய வந்து பேசுனாரு. பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருத்தர் வந்து, இவன் படிக்கிற புள்ளதான்னு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே விட்டுர்றேன்னாரு. அவன் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எட்டு மைல் போகணும். ஐயா பக்கத்துல இருக்கீங்க, இங்கிலீசும் பேசுவீங்க. பஸ்ஸு இப்ப வந்துரும்."

"இண்டைக்குப் பள்ளிக்கூட வேலை கனக்க கிடக்கு, அம்மா" என்றேன். "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. வேற ஆரையும் கேட்டு அலையாதேங்கோ. திங்கட்கிழமை நானே வாறன்."

"ஐயா சொன்னாச் சரிங்க" என்று கும்பிட்டார். நான் சொன்னபடியே வேறு ஒருவரையும் அவர் கேட்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்காகக் காத்திருந்தார். பஸ் வந்து, நின்று, போன சத்தம் என் அறைக்குக் கேட்டது.

இப்போது சுப்பம்மா வெளியே உங்கள் மர வாங்கில் குந்தியிருக்கிறார். ஊர் முழுக்க அவர் சொல்லித் திரிவது என்ன தெரியுமா? அத்தனை வாத்திமாரிலும் அல்பேர்ட் மாஸ்டர் ஒருவர்தான் வாக்குக் கொடுத்தபடி முகாமுக்கு வந்தவராம். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த வியாழக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்.