புள்ள வளத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எருத்தேன்பதி போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்தவர் போனை மடியில் செருகிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "ஏனுங்க மச்சா, என்ர புள்ள வளத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க!"

நான் உடனே கையிலிருந்த புத்தகத்தை விரித்துக்கொண்டேன். படித்தவர்கள் ஒட்டுக்கேட்பது இப்படித்தான்.

"அடக் கொடுமையே! கோழிங்களா?"

"ரத்தப் புத்துநோய் செல்லுங்க. திருவனந்தபுரத்துல லேபுல வெச்சு, அவதான் தீனி போட்டு வளத்துனா."

"நோயப் போயி எதுக்குங்க வளக்கோணும்?"

"வளத்துனாத்தானுங்க கொல்ற வழி தெரியும். அந்தச் செல்லோட தோலு கொழுப்பாமா. உள்ள இருக்கற ஒரு என்சைமு அந்தக் கொழுப்பத் தொட்டு, 'வளரு, வளரு'ன்னு சேதி அனுப்பிட்டே இருக்குமாம். புள்ள அந்த என்சைமக் கட்டிப் போட்டுட்டா. செல்லு வளராம செத்துருச்சு."

"அப்ப மருந்து வந்துருச்சுங்களா?"

"இன்னும் லேபுக் கிண்ணத்துல மட்டுந்தானுங்க. மருந்தாகறதுக்கு நெறைய வேல கெடக்குது. ஆனா இத்தன வருசமா அவ நெனச்சது சரின்னு ஆயிருச்சுல்லீங்க? 'கண்ணாலங்கூடப் பண்ணாம அப்படி என்னத்தப் படிச்சுக் கிழிக்கறா'ன்னு ஊரு முன்னால கேட்டீங்களே!"

மச்சான் தன் நிறுத்தம் வந்ததும் இறங்கி, டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து பேருந்தைக் காட்டி, நெஞ்சை நிமிர்த்திக் கத்தினார்:

"நம்ம புள்ள வளத்ததெல்லாம் செத்துப்போச்சுங்க!"

கடையே துக்கம் கேட்கப் பேருந்துக்கு ஓடிவந்தது. ஜன்னலோரம் அந்தப் பெண்ணின் அப்பா எல்லோரையும் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.